நேற்றைய தாளின் பின்பக்கம்

நாற்பது கடைகளில் கேட்டிருந்தார்கள். நாற்பதிலும் ஒரே பதில். நவநீதகிருஷ்ணன் அந்த விவரத்தாளை ரேணுகாதேவியின் மேசைமேல் வைத்து, பறந்துவிடாமலிருக்க அவளுடைய கண்ணாடிக் கூட்டையே எடுத்து அதன்மேல் வைத்தான். ஆனி மாதக் கடைசி. கோவில்பட்டியில் அந்த நாட்களில் ஜன்னலைச் சாத்தினாலும் காற்று எங்கிருந்தோ வந்து தாளைத் தூக்கும். தூக்கிய தாளில் கரிசல் தூசி படியும்.

"ஒருத்தர்கூடப் படிக்கல அக்கா" என்றான். குரலில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. அதுதான் ரேணுகாதேவிக்குக் கஷ்டமாக இருந்தது. அவன் கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம்.

அது தினசரி காலண்டர் செய்யும் இடம். அச்சடிப்பது சிவகாசியில், தாள்களை அடுக்கி, கம்பி அடித்து, அட்டையில் சேர்ப்பது இங்கே. தாளின் முன்பக்கத்தில் தேதி, நல்ல நேரம், ராகுகாலம், ராசிபலன். பின்பக்கத்தில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு. வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து துணுக்குகள். அவற்றைத் தேர்ந்தெடுத்து, வெட்டி, திருத்தி, எந்தத் தேதிக்குப் பின்னால் எது வரவேண்டும் என்று அடுக்குவது ரேணுகாதேவியின் வேலை. பத்தொன்பது வருஷமாக அவள் செய்துவருகிறாள். ஐம்பத்திரண்டு வயதில் முழங்கால் வலியும், எதைப் படித்தாலும் சிரிப்பு வராத ஒரு நிலைமையும் அந்த வேலையில் வந்து சேர்ந்திருந்தன.

முதலாளி விஜயராஜுக்குக் கண் ஆபரேஷன் ஆனபிறகு, சென்னையில் கம்ப்யூட்டர் வேலையிலிருந்த மருமகன் நவநீதகிருஷ்ணன் வந்து நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டான். நல்ல பையன். எதையும் விசாரித்துவிட்டுத்தான் செய்வான். அப்படி விசாரித்ததில்தான் இந்த நாற்பது கடை விவரம் வந்தது.

"அடுத்த வருஷத்துக்கு ஜோக்க எடுத்துட்டு மருத்துவக் குறிப்பு போட்டிரலாம்னு பாக்கேன். வெந்தயம், கறிவேப்பில, முருங்கக்கீர. ஆடிப் பதினெட்டுக்கு மாதிரிக் காலண்டர் வெளியிடணும். புதன்கிழம சிவகாசிக்கு அனுப்பணும்."

அன்று திங்கட்கிழமை.

"என்னைய என்ன செய்யச் சொல்லுதீங்க தம்பி?"

"பார்சல் பகுதிக்கு ஒரு ஆள் வேணும்க்கா. உக்காந்து செய்ற வேலதான்."

ரேணுகாதேவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஒரு பக்கம் பார்த்தால் நிம்மதியாகக்கூட இருந்தது. முந்நூற்று அறுபத்தைந்தில் இன்னும் நூற்றுப் பன்னிரண்டு கிடைத்தபாடில்லை. அத்தனையும் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் ஆகிவிட்டது. ஆனாலும் வெந்தயம் என்றதும் துணுக்குக் கோப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு படிச்சுக் காட்டட்டுமா?" என்றாள்.

"படிங்க."

கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"'ரேஷன் கடையில் பாமாயில் இல்லை என்று பலகை எழுதிப் போட்டிருந்தார்கள். அதைப் படிப்பதற்கு அரை மணி நேரம் வரிசையில் நின்றேன்.'"

நவநீதகிருஷ்ணன் மரியாதையாகத் தலையாட்டினான்.

அவள் அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்களால் வாயைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. மூடியைத் திறந்து உள்ளே இருப்பதைக் காட்டியே ஆக வேண்டும்.

"இது முதல்ல எப்படி வந்துச்சு தெரியுமா தம்பி? எட்டையபுரத்துல இருந்து ஒருத்தர் எழுதியிருந்தாரு. 'எங்க ஊர் ரேஷன் கடையில் அரை மணி நேரம் வரிசையில் நின்று போய்ப் பார்த்தால் பாமாயில் இல்லை என்று பலகை வைத்திருக்கிறார்கள்.' அவ்வளவுதான். அப்படிப் படிச்சா அது புகாரு. தாசில்தாருக்கு அனுப்பலாம். நான் புதுசா ஒண்ணுமே சேக்கல. வரிசையக் கொண்டுபோய்க் கடைசியில வச்சேன். முதல்ல பலகை, பெறகு வரிசை. பலகையப் படிக்கதுக்கே நின்னமாதிரி ஆயிருச்சு. அதே ஆளு, அதே கட, அதே அரை மணி நேரம். கஷ்டம் கொஞ்சங்கூடக் கொறையல. ஆனா கேக்கவன் சிரிப்பான்."

"சரிக்கா."

"ஏன் நாலு வரிக்கு மேல போடுறதில்லன்னா, தாளக் கிழிச்சவன் அதக் கசக்குறதுக்கு மூணு செகண்டு ஆகும். அந்த மூணு செகண்டுதான் நமக்கு. இதப் பாருங்க. 'டாக்டர்: மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடுறீங்களா? நோயாளி: ஒழுங்கா வாங்குறேன் டாக்டர்.' இதுல நோயாளி பொய் சொல்லல பாத்தீங்களா? உண்மையத்தான் சொல்லுதான். பொய் சொல்லியிருந்தா சிரிப்பு வராது. நம்ம வீட்டு அலமாரியிலயும் அப்படி ரெண்டு அட்ட மாத்திர கெடக்கும், அது ஞாபகம் வரும்..."

அவன் முகத்தைப் பார்த்து அவள் பேச்சு மெதுவாக நின்றது. ஒரு மருத்துவக் குறிப்பை வாசித்துக் காட்டியதுபோல அவன் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தான்க்கா இருக்கு" என்றான். "ஆனா ஜனங்க பாக்கலியே. நானும் சும்மா சொல்லல. நம்ம ஆபீஸ் பொண்ணு நாப்பது கடைக்கும் போன் போட்டுக் கேட்டிருக்கா. நம்ம காலண்டர வாங்கிக் கொடுக்கிற கடைங்க, அவங்க கடையிலயே நம்ம காலண்டர்தான் தொங்குது. நாப்பது பேருக்கும் தெரியல."

"என்னன்னு கேட்டா?"

"அந்தத் தாள்லயே இருக்கு."

ரேணுகாதேவி கண்ணாடிக் கூட்டை நகர்த்திவிட்டுப் படித்தாள். ஒரே கேள்விதான். 'இன்றைய காலண்டர் தாளின் பின்பக்கம் உள்ள நகைச்சுவை என்ன?' அதற்குக் கீழே நாற்பது கடைப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'தெரியவில்லை'.

அவள் திரும்பவும் ஒருமுறை படித்தாள். பிறகு எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சுவரில் தொங்கிய காலண்டருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"தம்பி, இங்கன வாங்க. உங்க வீட்டுல காலண்டர் தாள யாரு கிழிக்கா?"

"தெரியல. அத்தையாத்தான் இருக்கும். நான் போன்லதான் தேதி பாப்பேன்."

"இன்னைக்கு என்ன ஜோக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

நவநீதகிருஷ்ணன் காலண்டரைப் பார்த்தான். திங்கள்கிழமைத் தாளின் முன்பக்கம் தெரிந்தது. காற்றுக்குத் தாள்கள் படபடக்காமல் இருக்கக் கீழே ஒரு ரப்பர் வளையம் போட்டிருந்தது. அவன் கையை நீட்டி, தாளைத் தூக்கப்போய், வளையம் தடுத்ததும் நிறுத்தினான்.

"பின்பக்கம் எப்பத் தெரியும்?" என்று கேட்டாள் ரேணுகாதேவி.

"கிழிச்சாத்தான்."

"எப்பக் கிழிப்பாக?"

கடைக்காரர்கள் காலையில் கடை திறந்து, தண்ணீர் தெளித்து, விளக்கேற்றி, சாமி படத்துக்குப் பத்தி காட்டிவிட்டு முந்திய நாளின் தாளைக் கிழிப்பார்கள். கையில் வருவது நேற்றைய தாள். அதைக் கசக்குவதற்குமுன் திருப்பிப் பார்த்தால் தெரிவது நேற்றைய பின்பக்கம். இன்றைய தாளின் பின்பக்கம் நாளைக் காலைவரை நாளைய தேதியோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

"அதனாலதான் தீபாவளி ஜோக்க நான் தீபாவளித் தாளுக்குப் பின்னாடி போட மாட்டேன். அதுக்கு முந்தின நாள் தாளுக்குப் பின்னாடி போடுவேன். தீபாவளிக் காலையிலதான அதக் கிழிப்பாக?" என்றாள். "நீங்க நாப்பது பேருகிட்டயும் கிழிக்காத தாளப் பத்திக் கேட்டிருக்கீங்க தம்பி. ஒருத்தராவது சொல்லியிருந்தாத்தான் சந்தேகப்பட்டிருக்கணும்."

நவநீதகிருஷ்ணன் மேசையிலிருந்த விவரத்தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"இடைசெவல் பக்கம் ஒரு வேல இருக்கு. கார்லதான் போறேன். வாரீங்களா? வழியில நாலு கடையில நீங்களே கேளுங்க. நேத்துத் தாளப் பத்தி." சற்று நிறுத்தினான். "அப்பவும் தெரியலன்னா வெந்தயம்தான்க்கா."

நேற்றைய தாளில் என்ன போட்டிருந்தோம் என்பது ரேணுகாதேவிக்கு மனப்பாடமாக இருந்தது. நேற்று ஆனியின் கடைசி முகூர்த்தம். முகூர்த்த நாளின் தாள் மறுநாள் காலையில் கிழிக்கப்படும். எல்லாரும் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு, நல்லதும் கெட்டதும் பேசி முடிக்காமல் வீட்டில் இருக்கும் நேரம் அது. அதற்கென்று ஒன்றை எடுத்து வைத்திருந்தாள்.

'யாராவது வந்து கூப்பிட்டால்தான் சாப்பிட உட்காருவேன் என்று மூன்று பந்தி முடியும்வரை நின்றுகொண்டிருந்தார் மாப்பிள்ளையின் பெரியப்பா. நாலாவது பந்திக்குக் கூப்பிட்டார்கள். பரிமாறுவதற்கு.'

போன வருஷம் ஐப்பசியில் அச்சானது. அப்போதும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சரியாக இருக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

ஊரைத் தாண்டும் இடத்தில் கடற்கரை என்பவரின் பஞ்சர் கடை. அவர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, காலையில காலண்டர் தாளக் கிழிச்சீங்களா?"

"கிழிச்சேனே."

"அதுக்குப் பின்னாடி என்ன போட்டிருந்துச்சு?"

"பின்னாடியா?" கடற்கரை கையைத் தூக்கிக் காட்டினார். விரல்களில் கறுப்பாகப் பசை. "கையத் தொடைக்கத்தாம்மா அத வச்சிருக்கேன். நல்ல வழவழப்பில்லாத தாளு. மத்த கம்பெனித் தாளு இந்தப் பசைய எடுக்காது. அதுக்குப் பின்னாடி எழுத்து வேற இருக்கா?"

"பதினோரு வருசமா நம்ம காலண்டர்தான தொங்குது?"

"ஆமா. இனிமே பாத்துட்டுத் தொடைக்கேன்" என்றார் கடற்கரை சமாதானமாக.

நவநீதகிருஷ்ணன் காரில் ஏறினான். தாளின் தரத்தைப் பற்றி இப்படி ஒரு நல்ல வார்த்தையை அவன் எதிர்பார்த்திருக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அடுத்தது இசக்கிபாண்டியின் டீக்கடை. சாலையோரம் ஒற்றைக் கடை. பின்னால் அடிவானம்வரை உழுதுபோட்ட நிலம், மழைக்கு இன்னும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டிய நிலம். காற்று டீ ஆற்றுகிற இழுப்பையே வளைத்தது.

"படிச்சேன்" என்றார் இசக்கிபாண்டி.

ரேணுகாதேவி ஓரடி முன்னால் வந்தாள். "எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?"

"அதுல என்ன சிரிக்க இருக்கு? மாப்பிளைக்குப் பெரியப்பா. கூப்பிடாம எப்படிப் போய் உக்காருவாரு? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்லா? தப்பு பொண்ணு வீட்டுக்காரன் மேல."

"இல்ல, அது வந்து... கூப்பிட்டது எதுக்குன்னா..."

"பரிமாறக் கூப்பிட்டது அதவிடத் தப்பு. நானா இருந்தா அங்கனயே செருப்ப மாட்டிட்டு வந்திருப்பேன். அவரு பொறுமசாலி."

நவநீதகிருஷ்ணன் டீயைக் குடித்து முடித்தான். "இவர எதுல சேக்கது? படிச்சவர்லயா, படிக்காதவர்லயா?" என்று காரில் கேட்டான்.

"படிச்சவர்லதான்" என்றாள் ரேணுகாதேவி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. முழங்கால் விண்ணென்று தெறித்தது. உட்கார்ந்து செய்கிற வேலை என்று அவன் சொன்னது அவ்வளவு மோசமாகப் படவில்லை.

இடைசெவலில் செல்வமாரியின் பலசரக்குக் கடை. ஐம்பது வயதுப் பெண். அகன்ற முகம், இடுப்பில் சொருகிய முந்தானை. கார் நின்றதையும் அதில் ஒட்டியிருந்த காலண்டர் படத்தையும் பார்த்ததுமே கல்லாவைவிட்டு எழுந்து வந்தாள்.

"நீங்கதான் காலண்டர்காரவுகளா?"

"ஆமாம்மா. காலையில கிழிச்ச தாளு..."

செல்வமாரி தராசுத் தட்டுக்கு அடியிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினாள். ரேணுகாதேவிக்கு அதைப் பிரிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

"யார் சொன்னா உங்களுக்கு?" என்றாள் செல்வமாரி.

"என்னது?"

"இது எங்க பெரிய அத்தான். பத்திரகாளின்னு பேரு. எங்க வீட்டுக்காரவுகளுக்கு மூத்தவுக. நேத்து எப்போதும்வென்றான் ஊருல எங்க கொழுந்தன் மகன் கல்யாணம். அதுல நடந்தத அப்படியே போட்டிருக்கீங்களே. எந்த எடுபட்ட பய உங்ககிட்ட வந்து சொன்னான்?"

"நேத்து நடந்தத இன்னைக்கு எப்படிம்மா அச்சடிக்க முடியும்? இது போன வருசமே அச்சான தாளு" என்றான் நவநீதகிருஷ்ணன்.

"அது எனக்குத் தெரியாதா? தையிலருந்து இந்த ஆணியிலதான தொங்குது? காலையில கிழிச்சதுலருந்து அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். நேத்து நடக்கப்போறது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

இதற்கு ரேணுகாதேவியிடம் நல்ல பதில் இருந்தது. நேற்று இந்த மாவட்டத்தில் எத்தனை கல்யாணமோ, அத்தனையிலும் ஒரு பெரியப்பா கைகட்டி நின்றிருப்பார். யாருக்கோ தெரிந்த ஓர் ஆளை எழுதினால் எல்லாருக்கும் தெரிந்த ஆளாகிவிடுவார். அதுதான் இதன் சூத்திரம். சொல்ல வாயெடுத்தாள். செல்வமாரி விடவில்லை.

"ஆனா நீங்க போட்டதுல பாதிகூட இல்ல. கேளுங்க. வெள்ளச் சட்ட, வெள்ள வேட்டி. முதப் பந்திக்கு முன்னாடியே போய்க் கைகழுவிட்டு வந்து கதவுகிட்ட நின்னாக. ஒருத்தனும் கூப்பிடல. ரெண்டாம் பந்திக்கு மறுபடியும் கைகழுவுனாக. பாக்கவன் பாக்கட்டும்னு. மூணாம் பந்திக்கு மறுபடியும். எங்க வீட்டுக்காரவுக போய், 'அண்ணே உக்காரு'ன்னாக. 'நீ என்னலே கூப்பிடுத, நீ நம்ம வீடு'ன்னுட்டாக. கழுவிக் கழுவி வேட்டியெல்லாம் நனைஞ்சு போச்சா, மடிச்சுக் கட்டிக்கிட்டாக. மடிச்சுக் கட்டுன வேட்டி, ஈரக் கை. சமையக்காரன் பாத்தான். 'யோவ், இங்கன என்ன நிக்கே'ன்னு சாம்பார் வாளியக் கையில கொடுத்துட்டான்."

நவநீதகிருஷ்ணனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மூக்கு வழியாக.

"போட்டுட்டு வந்திருக்கலாம்லா? வரல. வாளியோட போயிட்டாக. போனவுக சும்மா போனாகளா? அப்பளத்த மிச்சம் வச்சவனயெல்லாம் வைதாக. 'தின்னு, காசு போட்டு வாங்குனது.' மூணாவது எலையில யாரு? பொண்ணோட அப்பா. எந்த மனுசன் வந்து கூப்பிடணும்னு இவுக காலையிலருந்து நின்னாகளோ, அதே மனுசன். இவுக அவர் முன்னால போய் வாளியோட நின்னாக. அவரு நிமிந்தே பாக்கல. 'சாம்பார் போதும்ப்பா, ரசத்தக் கொண்டா'ன்னாரு."

செல்வமாரியின் கோபம் எந்த இடத்தில் போனதென்று தெரியவில்லை. அவள் கல்லாவைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். நவநீதகிருஷ்ணன் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

ரேணுகாதேவி கேட்டபடியே எண்ணிக்கொண்டு வந்திருந்தாள். கைகழுவியது மூன்று தடவை, அது தேவை. தம்பி வந்து கூப்பிட்டது வேண்டாம். வாளி வந்த இடத்தில் முடித்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு வருவது உபரி. அப்படியே வெட்டிக்கொண்டு வந்தவள் பெண்ணின் அப்பாவிடம் வந்ததும் எண்ணிக்கையை விட்டுவிட்டாள். அந்த மனிதர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. ரசம் கேட்டார். பத்திரகாளி என்ன செய்திருப்பார்?

"ரசம் கொண்டுவந்தாகளா?" என்று கேட்டாள்.

"கொண்டுவந்தாக" என்றாள் செல்வமாரி.

ரேணுகாதேவிக்கு முதலில் தோள்தான் ஆடியது. பிறகு வயிறு இழுத்தது. நின்றுகொண்டு சிரிக்க முடியாமல் சணல் சாக்கைப் பற்றிக்கொண்டாள். முழங்கால் வலித்தது, வலிக்க வலிக்கச் சிரித்தாள். ஏன் சிரிக்கிறோம் என்று யோசிக்கக் கொஞ்சநேரம் ஆயிற்று. யோசித்தபோது காரணம் சரியாகத் தெரியவில்லை.

"நீங்க எழுதுனது அவருக்கு அவமானம்க்கா" என்றான் நவநீதகிருஷ்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ரசம்தான் அவரக் காப்பாத்திருச்சு."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அது உண்மைதான் என்று பட்டது. பத்தொன்பது வருஷத்தில் யாரும் அவளிடம் அப்படி ஒரு குறை சொன்னதில்லை.

அவன் வெளியே போய்க் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று போன் பேசினான். காற்று பாதியைக் கொண்டுபோனாலும் மீதி கேட்டது. "சிவகாசிதான? ஆமா, பின்பக்கம் பழையபடியே... இல்ல, வெந்தயம் வேண்டாம்... முந்நூத்தி அறுபத்தஞ்சும் ஜோக்குதான். புதன்கிழம வந்திரும்."

முந்நூற்று அறுபத்தைந்தும். புதன்கிழமை. ரேணுகாதேவி மனதுக்குள் கணக்குப் போட்டாள். நூற்றுப் பன்னிரண்டு இன்னும் பாக்கி, இடையில் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை. வென்றவர்களை வீட்டுக்குப் போய்ப் படுக்க விடுவார்கள் என்று எங்கோ நினைத்துக்கொண்டிருந்தாள் போல.

"எங்க அத்தானுக்கு இது தெரிய வேண்டாம்" என்றாள் செல்வமாரி, தாளைத் திரும்ப மடித்துத் தராசுக்கு அடியிலேயே வைத்தபடி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவுகளப் பத்தி வேற வேணும்னாலும் இருக்கு. பேரு மட்டும் போடாதீங்க."

ரேணுகாதேவி பையிலிருந்து நோட்டை எடுத்தாள். உட்கார ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிப் பார்த்தாள். செல்வமாரி எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டாள்.

"எத்தன இருக்கும்மா?"

"அவுகளுக்கு அறுபத்தெட்டு வயசாகுது" என்றாள் செல்வமாரி.